மூன்று பீரங்கி மேடைகளும் முன்புறத்தில் ஏன்?

பிரிட்டனின் நெல்சன் வகைப் போர்க்கப்பல்களான நெல்சன், ராட்னி ஆகிய இரண்டிலும் முதன்மைப் பீரங்கிகள் ஒன்பதும் முன்பாதியிலேயே அமைந்ததற்கு, 1922ஆம் ஆண்டின் வாஷிங்டன் கடற்படை உடன்படிக்கை விதித்த எடை வரம்பே காரணமாகும். எரிபொருளைச் சேர்க்காமல் கணக்கிடப்படும் 'தர எடை' 35,000 டன்னைத் தாண்டக் கூடாது என்ற நிலையில், 14 அங்குலத் தடிமனுள்ள எஃகுக் கவசத்தைக் கப்பல் முழுவதும் போர்த்த இயலவில்லை.

ஆகவே வடிவமைப்பாளர்கள், மும்மூன்று 16 அங்குலக் குழல்களைத் தாங்கிச் சுழலும் மூன்று மேடைகளையும் அடுத்தடுத்து நிறுத்தி, வெடிமருந்து அறைகளை ஓரிடத்தில் திரட்டி, கவசம் காக்க வேண்டிய நீளத்தைக் குறைத்தனர். நடுமேடை மட்டும் உயர்த்தப்பட்டதால் அது முதல் மேடைக்கு மேலாகச் சுட முடிந்தது. தாழ்ந்திருந்த மூன்றாவது மேடையாலோ நேர் முன்னே சுட இயலவில்லை. எடையைச் சிக்கனப்படுத்தியதால் வேகமும் மணிக்கு ஏறத்தாழ 23 கடல் மைல் அளவிலேயே நின்றது.

எனினும் இரண்டாம் உலகப் போரில், 1941 மே 27 அன்று, சுக்கான் பழுதுற்றிருந்த ஜெர்மனியின் பிஸ்மார்க் கப்பலை, ஏறத்தாழ 930 கிலோ எடையுள்ள குண்டுகளால் ராட்னி தாக்கியது. கிங் ஜார்ஜ் V கப்பலும் உடன் தாக்க, பிஸ்மார்க்கின் முதன்மைப் பீரங்கிகள் ஒரு மணி நேரத்துக்குள் ஓய்ந்தன. நெல்சனும் ராட்னியும் போர் முடியும்வரை மூழ்காமல் நிலைத்தன.