ஒரு சொல் எழுதிய சட்டை

ஒலிம்பிக் விளையாட்டுப் போட்டி நான்கு ஆண்டுக்கு ஒரு முறை நடக்கிறது. உலகின் எல்லாப் பகுதிகளில் இருந்தும் வீரர்களும் வீராங்கனைகளும் வருகிறார்கள். ஓடுகிறார்கள். நீந்துகிறார்கள். எடை தூக்குகிறார்கள். கடைசி நாளன்று நிறைவு விழா நடக்கிறது.

நிறைவு விழாவில் என்ன நடக்கும்?

வீரர்கள் மைதானத்துக்குள் வருவார்கள். தொடக்க விழாவில் நாடு நாடாக அணி வகுத்து வருவார்கள். நிறைவு விழாவில் அப்படி இல்லை. எல்லா நாட்டவரும் கலந்து வருவார்கள். இந்த வழக்கம் 1956ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. அப்போது மெல்போர்ன் நகரில் ஒலிம்பிக் நடந்தது. உலகில் போர்ப் பதற்றம் நிறைந்த ஆண்டு அது. ஜான் இயன் விங் என்ற இளைஞர் விழாக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். அவருக்கு வயது 17. தச்சு வேலை பழகிக் கொண்டிருந்தார். "கடைசி நாளிலாவது எல்லோரும் ஒரே நாட்டினர் போலச் சேர்ந்து நடக்கட்டும்" என்பது அவருடைய யோசனை. விழாக் குழு அதை ஏற்றது. ஒரு கடிதம் ஓர் உலக வழக்கத்தையே மாற்றிவிட்டது.

வீரர்கள் கூடிய பிறகு ஒலிம்பிக் கொடியை இறக்குவார்கள். அடுத்த போட்டி நடக்கப் போகும் நகரத்திடம் கொடியை ஒப்படைப்பார்கள். பதினாறு பதினேழு நாளாக எரிந்த சுடரை அணைப்பார்கள்.

பாட்டும் ஆட்டமும் உண்டு. போட்டியை நடத்தும் நாடு, தன் இசைக் கலைஞர்களை மேடை ஏற்றும். ஊர்த் திருவிழாவின் கடைசி நாள் கச்சேரி போல இது இருக்கும். வீரர்கள் களைப்பு மறந்து ஆடுவார்கள். பெரும்பாலும் மகிழ்ச்சியான பாடல்களே பாடப்படும். ஆனால் ஒரு முறை, அந்த மேடையில் ஒரு நாட்டின் மனச்சாட்சியே பேசியது.

சிட்னி நகரம், 2000

2000ஆம் ஆண்டு ஒலிம்பிக் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் நடந்தது. நம் நாட்டுக்கு அதில் ஒரே ஒரு பதக்கம் கிடைத்தது. ஆந்திரத்தைச் சேர்ந்த கர்ணம் மல்லேஸ்வரி அதை வென்றார். அவர் எடை தூக்கும் போட்டியில் மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் பெற்றார். ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண் அவர்தான்.

அக்டோபர் 1ஆம் தேதி இரவு நிறைவு விழா. மைதானத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான மக்கள். ஆஸ்திரேலியாவின் பிரதமர் ஜான் ஹோவார்டும் வந்திருந்தார். உலகெங்கும் மக்கள் தொலைக்காட்சியில் பார்த்துக் கொண்டிருந்தார்கள்.

மிட்நைட் ஆயில் என்ற இசைக் குழு மேடைக்கு வந்தது. குழுவில் இருந்தவர்கள் வெள்ளையர்கள். எல்லோரும் கறுப்பு உடை அணிந்திருந்தார்கள். அந்த உடையில் வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தது. 'சாரி' என்ற ஆங்கிலச் சொல்தான் அது. 'மன்னித்துக் கொள்ளுங்கள்' என்று பொருள். பஸ்ஸில் அடுத்தவர் காலை மிதித்துவிட்டால் நாமும் சொல்லுகிற சொல்தான்.

யார் யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்? எதற்காக?

பறிக்கப்பட்ட குழந்தைகள்

ஆஸ்திரேலியாவில் 50,000 ஆண்டுகளுக்கும் மேலாகப் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். ஒரு காலத்தில் அவர்கள் 250க்கும் மேற்பட்ட மொழிகள் பேசினார்கள். 1788ஆம் ஆண்டு ஆங்கிலேயர் அங்கே குடியேறினார்கள். அந்த நிலம் யாருக்கும் சொந்தமில்லாதது போல நடந்து கொண்டார்கள். பழங்குடி மக்கள் தங்கள் மண்ணில் இருந்து துரத்தப்பட்டார்கள். பலர் கொல்லப்பட்டார்கள். பலர் நோயால் மடிந்தார்கள்.

இதைவிடக் கொடுமை ஒன்றும் நடந்தது. பழங்குடிக் குழந்தைகளை அரசு பறித்துச் சென்றது. தாய் அழுதாலும் விடவில்லை. குழந்தைகளை விடுதிகளில் அடைத்தார்கள். சிலரை வெள்ளையர் வீடுகளில் வளர்க்கக் கொடுத்தார்கள். பல இடங்களில் அவர்கள் தாய்மொழியில் பேசக்கூடத் தடை இருந்தது. பெண் பிள்ளைகளை வீட்டு வேலைக்கும், ஆண் பிள்ளைகளைப் பண்ணை வேலைக்கும் பழக்கினார்கள். 1910 முதல் 1970 வரையிலும் இது பரவலாக நடந்தது.

இதை ஆராய ஒரு விசாரணை நடந்தது. 500க்கும் மேற்பட்ட பழங்குடி மக்கள் தங்கள் கதையைச் சொன்னார்கள். 1997ஆம் ஆண்டு அறிக்கை வெளிவந்தது. பத்துக் குழந்தைகளில் ஒன்று முதல், மூன்று குழந்தைகளில் ஒன்று வரை பறிக்கப்பட்டிருக்கலாம் என்று அறிக்கை கூறியது. நாடாளுமன்றங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் சொன்னது.

வருத்தம் வேறு, மன்னிப்பு வேறு

பல மாநிலச் சட்டமன்றங்கள் மன்னிப்புக் கேட்டன. ஆனால் பிரதமர் ஹோவார்ட் மறுத்தார். "முன்னோர் செய்ததற்கு இன்றைய தலைமுறை பொறுப்பாகாது" என்பது அவர் வாதம். 1999ஆம் ஆண்டு அவர் நாடாளுமன்றத்தில் வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் கொண்டு வந்தார். மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை.

இரண்டும் ஒன்றுதானே என்று சிலர் நினைக்கலாம். ஒன்றல்ல. பக்கத்து வீட்டில் ஒருவர் இறந்தால் நாம் வருத்தம் தெரிவிக்கிறோம். நம் மாடு அவர்கள் பயிரை மேய்ந்துவிட்டால் மன்னிப்புக் கேட்கிறோம். வருத்தம் யாரும் தெரிவிக்கலாம். பொறுப்பை ஏற்பவர்தான் மன்னிப்புக் கேட்க முடியும்.

பிரதமர் சொல்லாத சொல்லை மக்கள் சொல்லத் தொடங்கினார்கள். 1998ஆம் ஆண்டு ஊர் ஊராக 'மன்னிப்புப் புத்தகங்கள்' வைக்கப்பட்டன. அவற்றில் சாதாரண மக்கள் தங்கள் கையால் சில வரிகள் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். 2000ஆம் ஆண்டு மே 28ஆம் தேதி சிட்னித் துறைமுகப் பாலத்தில் சுமார் இரண்டரை லட்சம் பேர் நடந்தார்கள். பழங்குடி மக்களும் வெள்ளையரும் சேர்ந்தே நடந்தார்கள். அப்போது ஒரு விமானம் புகையால் வானத்தில் ஒரு சொல்லை எழுதியது. அதுவும் 'சாரி' என்ற சொல்தான்.

நான்கு மாதம் கழித்து அந்தச் சொல் ஒலிம்பிக் மேடையில் ஏறியது.

பாட்டு சொன்ன செய்தி

ஒலிம்பிக் அரங்கில் அரசியல் பிரசாரம் கூடாது என்பது விதி. அதனால் மிட்நைட் ஆயில் குழு தன் திட்டத்தை முன்கூட்டி வெளியே சொல்லவில்லை. மேடையில் அவர்கள் சொற்பொழிவும் செய்யவில்லை. பாடினார்கள். அவ்வளவுதான்.

பாடிய பாட்டின் பெயர் 'பெட்ஸ் ஆர் பர்னிங்'. 'படுக்கைகள் எரிகின்றன' என்று அதற்குப் பொருள். பாலைவனத்தில் வாழும் பின்டுபி என்ற பழங்குடி மக்களைப் பற்றிய பாட்டு அது. அரசு அவர்களைச் சொந்த மண்ணில் இருந்து வேறு குடியிருப்புகளுக்குக் கொண்டு போனது. பிறகு அவர்கள் தங்கள் மண்ணுக்கே திரும்பினார்கள். 1986ஆம் ஆண்டு மிட்நைட் ஆயில் குழு ஒரு பழங்குடி இசைக் குழுவுடன் பாலைவன ஊர்களுக்குச் சென்று பாடியது. அந்தப் பயணத்துக்குப் பிறகு, 1987இல் இந்தப் பாட்டு வெளிவந்தது. மண்ணை உரியவருக்குத் திருப்பிக் கொடுங்கள் என்பதே அதன் கோரிக்கை.

அதே விழாவில் பழங்குடிக் கலைஞர்களும் பாடினார்கள். அவர்களில் ஒன்று யோத்து யிண்டி என்ற குழு. கரையான் குடைந்த மரக் கிளையில் செய்த நீண்ட ஊதுகுழல் அவர்களுடைய இசைக் கருவி. அதன் பெயர் யிடாக்கி. குழுவின் தலைவர் மண்டாவுய் யுனுபிங்கு ஓர் ஆசிரியர். தன் ஊர்ப் பள்ளியின் தலைமை ஆசிரியராகவும் இருந்தவர். பழங்குடி மக்களுடன் அரசு ஒப்பந்தம் செய்ய வேண்டும் என்பதே அவர்கள் பாட்டின் பொருள். 1988ஆம் ஆண்டு அன்றைய பிரதமர் பாப் ஹாக் அப்படி வாக்குக் கொடுத்திருந்தார். வாக்கு நிறைவேறவில்லை. எனவே 1991இல் அந்தப் பாட்டு பிறந்தது.

பிறகு என்ன ஆயிற்று?

மிட்நைட் ஆயில் குழுவின் பாடகர் பீட்டர் கேரட் அரசியலில் இறங்கினார். நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். 2007ஆம் ஆண்டு தேர்தலில் ஆட்சி மாறியது. கெவின் ரட் பிரதமர் ஆனார். கேரட் அமைச்சர் ஆனார்.

2008ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் தேதி பிரதமர் ரட் நாடாளுமன்றத்தில் எழுந்து நின்றார். பறிக்கப்பட்ட குழந்தைகளிடமும், அவர்களுடைய பெற்றோரிடமும் நாட்டின் சார்பாக மன்னிப்புக் கேட்டார். குழந்தையாக இருந்தபோது பறிக்கப்பட்ட பலர், முதியவர்களாக அங்கே அமர்ந்திருந்தார்கள். கேட்டவர்கள் கண்ணீர் விட்டார்கள்.

இது ஒரு பாட்டால் மட்டும் நடந்ததா? இல்லை. வேதனையை வாய் திறந்து சொன்னவர்கள் இருந்தார்கள். புத்தகத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் இருந்தார்கள். பாலத்தில் நடந்தவர்கள் இருந்தார்கள். பாட்டு அவர்கள் குரலை உலகத்தின் காதுக்குக் கொண்டு சேர்த்தது.

மன்னிப்போடு எல்லாம் தீர்ந்துவிடவும் இல்லை. யோத்து யிண்டி கேட்ட நாடு தழுவிய ஒப்பந்தம் இன்னும் ஏற்படவில்லை. பழங்குடி மக்களின் கருத்தை நாடாளுமன்றத்துக்குச் சொல்ல ஓர் அமைப்பு வேண்டும் என்று 2023இல் மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. அது தோற்றுப் போனது. எனவே அவர்களுடைய போராட்டம் தொடர்கிறது.

ஆனாலும் ஒன்று நடந்தது. பல ஆண்டுகள் சொல்ல மறுத்த சொல்லை ஒரு நாடு சொன்னது. அதற்கு முன்பே மக்கள் அதைப் புத்தகத்தில் எழுதினார்கள், வானத்தில் எழுதினார்கள், சட்டையிலும் எழுதினார்கள்.

பேசிப் பார்ப்போம்

1. வருத்தம் தெரிவிப்பதற்கும் மன்னிப்புக் கேட்பதற்கும் என்ன வேறுபாடு?
2. முன்னோர் செய்த தவறுக்கு இன்று இருப்பவர்கள் மன்னிப்புக் கேட்க வேண்டுமா? ஏன்?
3. உங்கள் ஊரில் மக்களின் குறையைச் சொல்லும் பாட்டு உண்டா? அதைப் பாடுபவர் யார்?