காரைக்கால் அம்மையார் ஏன் எலும்பும் தோலுமாக இருக்கிறார்? வகுப்பறைக்கு ஒரு சிலை

பாடப்புத்தகத்தில் படம் எதற்காக இருக்கிறது? பெரும்பாலும் அலங்காரத்துக்குத்தான். சோழர் பாடம் என்றால் ஒரு நடராசர் படம் இருக்கும். ஆசிரியர் பாடத்தை நடத்தி முடிப்பார், படம் பாட்டுக்கு மூலையில் கிடக்கும். தேர்வில் அதைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை.

அருங்காட்சியகக் கலைப்பொருள் ஒன்றை நடுவில் வைத்து வரலாறு, இலக்கியம் இரண்டையும் நடத்த முடியுமா என்று கொஞ்ச நாளாகக் குறிப்பு எடுத்து வருகிறேன். தாராளமாக முடியும். ஆனால் அந்தப் பொருளை ஒரு சாட்சியாக நடத்த வேண்டும். பாட்டு, கல்வெட்டு போல அதற்கும் ஒரு காலம் உண்டு, சொல்வதற்கு அதனிடமும் ஒரு சேதி உண்டு. ஒரே ஒரு உதாரணத்தை எடுத்துப் பார்ப்போம்.

நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் ஒரு சிறிய செப்புப் படிமம் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதி, தமிழ்நாடு என்று குறித்திருக்கிறார்கள். வற்றிய உடம்போடு ஒரு பெண் உட்கார்ந்து கையில் தாளம் வைத்துப் பாடுகிறாள். காரைக்கால் அம்மையார். இந்த அருங்காட்சியகம் 2017 பிப்ரவரியில், காப்புரிமை இல்லாத தன் கலைப்பொருட்களின் படங்கள் 3,75,000க்கும் மேலானவற்றை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. ஆக, இந்தச் சிலையைப் பார்க்க நாச்சியாபுரத்துப் பிள்ளைகளுக்கு விமான டிக்கெட் தேவையில்லை. ஒரு புரொஜெக்டர் போதும், அதுவும் இல்லை என்றால் ஆசிரியரின் செல்போன்.

முதல் பத்து நிமிஷம் பெயரைச் சொல்லக்கூடாது. நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில் கல்விப் பிரிவை நடத்திய ஃபிலிப் யெனவைனும் உளவியலாளர் அபிகேல் ஹவுசனும் சேர்ந்து ஒரு முறையை உருவாக்கினார்கள். அதில் ஆசிரியர் கேட்பது மூன்றே கேள்விகள். இதில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன தெரிகிறது? இரண்டாவது கேள்விதான் முக்கியம். 'பேய்', 'பட்டினி', 'வயசான பாட்டி' என்று பிள்ளைகள் எது சொன்னாலும் சிலையில் ஆதாரம் காட்டியாக வேண்டும். பட்டினி என்றால் முகம் ஏன் மலர்ந்திருக்கிறது? பேய் என்றால் கையில் தாளம் எதற்கு? எங்க வேலையில் லாகைப் பார்க்காமல் பக் இங்கேதான் என்று சொன்னால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அதே கதைதான் இங்கேயும்.

அப்புறம் இலக்கியத்துக்கு வரலாம். அம்மையார் பாடியவை திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள், அற்புதத் திருவந்தாதி, திருஇரட்டை மணிமாலை. மூத்த திருப்பதிகத்தின் தொடக்கத்தில் சுடுகாட்டில் திரியும் ஒரு பெண்பேயின் தோற்றம் வருகிறது: வாடிய மார்பு, புடைத்த நரம்பு, குழிந்த கண். சிலையில் இருப்பதும் ஏறக்குறைய அதேதான். ஆனால் கவனியுங்க, அந்தப் பாட்டில் வருவது ஆலங்காட்டுப் பேய். அம்மையார் தன்னைக் காரைக்கால் பேய் என்று சொல்லிக்கொள்வது பதிக முடிவில்தான். பாடப்பட்ட பேயின் உடம்பைப் பாடியவருக்கே கொடுத்துவிட்டார் சிற்பி. என்னைக் கேட்டால், அந்தப் பாட்டுக்கு உலோகத்தில் எழுதிய உரை இது. உரையாசிரியரோடு மாணவர் வாதம் செய்யலாம் என்றால் சிற்பியோடும் செய்யலாம்.

மாங்கனிக் கதை எங்கே போனது? அம்மையாரின் பாடல்களில் மாம்பழமும் இல்லை, கணவனும் இல்லை. அதையெல்லாம் விரிவாகச் சொல்வது 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணம். இப்போது கரும்பலகையில் ஒரு காலக்கோடு போடலாம். அம்மையாரின் காலத்தைப் பொதுவாக 6ஆம் நூற்றாண்டு என்பார்கள். கம்போடியாவில் 967இல் குடமுழுக்கான பன்டே ஸ்ரீ கோயிலில், ஆடும் சிவனுக்குப் பக்கத்தில் மெலிந்த பெண் ஒருத்தி இருக்கிறாள். அம்மையார்தான் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். 11ஆம் நூற்றாண்டில் முதலாம் ராஜேந்திரன் எடுப்பித்த கங்கைகொண்ட சோழபுரத்திலும் நடராசர் அருகே அம்மையார் இருக்கிறார். அதற்கும் பிறகுதான் சேக்கிழார். நியூயார்க்கில் இருக்கும் படிமம் அவருக்கும் பிந்தியது.

அதாவது, நாம் படிக்கும் கதை நூல் வடிவம் பெறுவதற்கு முன்பே அம்மையாரின் உருவம் கடல் தாண்டியிருக்கிறது. யார் கொண்டுபோனார்கள்? வணிகர்களா, சிவாச்சாரியார்களா, அரசர்களின் தூதர்களா? சோழர் காலக் கடல் வணிகப் பாடத்துக்கு இதைவிட நல்ல நுழைவாயில் கிடைக்காது.

இனி எங்க பக்கத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு கேள்வி. பெரியபுராணத்தில் புனிதவதியின் கணவன் பரமதத்தன் ஒரு வணிகன். மனைவியைக் கண்டு அஞ்சி, வியாபாரம் என்று சொல்லிக் கப்பலேறுகிறான். திரும்பி வந்து பாண்டிநாட்டுப் பட்டினம் ஒன்றில் வேறொரு பெண்ணை மணந்துகொள்கிறான். பிறக்கும் மகளுக்கு வைக்கும் பெயரும் புனிதவதி. செட்டிநாட்டில் இந்தக் கதையை யாரும் தூரத்துக் கதையாகக் கேட்க முடியாது. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்கப் போனவர்கள் வருஷக்கணக்கில் வரவில்லை. ஆச்சிமார் பெரிய வீடுகளில் காத்திருந்தார்கள். போன இடத்தில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டவர்களும் உண்டு. அதைப் பற்றி வீடுகளில் சத்தமாகப் பேச மாட்டார்கள்.

புனிதவதி காத்திருக்கவில்லை. கணவனே காலில் விழுந்த பிறகு, அவனுக்காகத் தாங்கிய இந்த உடம்பின் தசை எனக்கு வேண்டாம் என்று இறைவனிடம் கேட்டுப் பேய் வடிவம் பெறுகிறாள். அந்த வடிவம் இழப்பா, விடுதலையா? ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் இதற்கு என்ன பதில் எழுதுவார்கள் என்று படிக்க எனக்கு ஆசை. சிலையின் முகம் ஏன் மலர்ந்திருக்கிறது என்ற முதல் கேள்வி இங்கே வேறு அர்த்தத்தோடு திரும்பி வரும். கோனார் உரையில் விடை கிடைக்காது.

இந்த வகுப்பில் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. நியூயார்க் படிமத்தின் குறிப்பில் ஊர் இருக்கும் இடத்தில் 'தமிழ்நாடு' என்பதோடு சரி. எந்தக் கோயில், யார் செய்துவைத்தது என்ற தகவல் கூடவே வரவில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பர்மா அரக்குச் சாமான், ரவிவர்மா அச்சுப்படம், எனாமல் தூக்கு எல்லாம் குவிந்து கிடப்பதைப் பார்க்கும்போதும் இதேதான் தோன்றும். எந்த வீடு, யார் கொண்டுவந்தது, எந்த வருஷம் என்பது போய்விட்டால் பொருள் அழகாக மட்டும் மிஞ்சும், பாடம் நடத்தாது. அதனால் வீட்டில் இருக்கும் ஒரு பழைய பொருளைப் படம் எடுத்து, பாட்டியிடம் கேட்டு நாலு வரி எழுதிவரச் சொல்லலாம். விற்பதும் வைத்திருப்பதும் அவரவர் பாடு. குறிப்பாவது இங்கே தங்கட்டும்.

செலவே இல்லாத ஒரு வேலையும் இருக்கிறது. பக்கத்துச் சிவன் கோயிலில் அறுபத்து மூவர் வரிசையைப் போய்ப் பாருங்க. எல்லாரும் நிற்பார்கள், வழக்கமாக ஒருவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். அவர் யார், ஏன் உட்கார்ந்திருக்கிறார் என்று பிள்ளைகளைக் கேளுங்க. பதிலை மட்டும் உடனே சொல்லிடாதீங்க.