பிளக் துளையில் கருப்புப் புள்ளி

சுவிட்ச் போர்டில் பிளக் துளையைச் சுற்றிக் கருப்புப் புள்ளி கண்டால், துணியால் துடைத்துவிட்டு வியாபாரத்தைக் கவனிக்கிறோம். ஆபத்து என்றால் ஃபியூஸ் போய்விடும் என்ற நம்பிக்கை! அது இங்கே உதவாது.

கம்பியை இறுக்கும் திருகு தளர்ந்தால் இணைப்பில் மின்தடை கூடும். 5 ஆம்பியர் ஓடுமிடத்தில் 1 ஓம் தடை இருந்தால் 25 வாட் வெப்பம். ஈயம் உருக்கும் சிறிய சால்டரிங் அயர்னின் சூடு அது. சூட்டால் உலோகத்தில் ஆக்சைடு படிந்து, தடை மேலும் கூடும். மின்னோட்டம் மட்டும் கூடுவதில்லை. அதனால் ஃபியூஸ் போகாது. கம்பியின் சாதாரண பி.வி.சி. உறையோ 70 டிகிரி செல்சியஸ் வரைக்கும்தான்.

எங்கள் கிடங்கில் சாக்கு அடுக்குக்குப் பின்னால் இப்படியொரு புள்ளியைக் கண்டோம். எலக்ட்ரீஷியன் மெயினை அணைத்துக் கழற்றியபோது, உள்ளே கம்பியின் உறை உருகியிருந்தது. இன்னும் சில நாள் விட்டிருந்தால் சரக்கு முழுவதும் சாம்பலாகியிருக்கலாம்.

ஆகவே வணிகப் பெருமக்களே, மாதம் ஒருமுறை கடை அடைக்கும்போது, சுவிட்சை அணைத்த கையோடு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சூடோ கருப்போ இருந்தால் பிளக், சாக்கெட் இரண்டையும் மாற்றி, கருகிய கம்பி முனையை வெட்டிப் புதிதாக இணைக்கச் சொல்லுங்கள். செலவு சொற்பம், காப்பது முதலை.