காய்ச்சலுக்குப் பின் ஒரு மணி நேரம்: புற்றுநோய் மருந்துகளும் செவிலியரின் மருந்தறிவும்

புற்றுநோய்க்கான மருந்துகளும் நோய்க்கிருமிகளை எதிர்க்கும் மருந்துகளும் பாடநூல்களில் தனித்தனி இயல்களாக அமைந்திருந்தாலும், புற்றுநோய் வார்டில் அவை ஒரே நோயாளியின் உடலில், பல நேரங்களில் இரண்டு வார இடைவெளிக்குள், ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்தப்படுகின்றன. முதல் வகை மருந்து நோயை ஒடுக்கும்போதே உடலின் தற்காப்பையும் குறைத்துவிடுகிறது. அந்த நேரம் பார்த்து நுழையும் கிருமியை இரண்டாம் வகை மருந்து அழிக்க வேண்டியிருக்கிறது. எந்த மருந்து என்பதைத் தீர்மானிப்பவர் மருத்துவர். ஆனால் அது எந்த வழியில், எந்த வேகத்தில், எந்த நேரத்தில் உடலுக்குள் செல்கிறது என்பதும், சென்றபின் என்ன செய்கிறது என்பதும் செவிலியரின் கையிலும் கண்ணிலும் இருப்பதால், செவிலியர்க்குரிய மருந்தியலைப் பெயர்களை மனப்பாடம் செய்யும் பாடமாக எண்ணிவிட முடியாது. சிகிச்சையின் சரிபாதி அதுவே.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக், மனித உடலை விட்டுவிட்டுக் கிருமியை மட்டும் தாக்கும் வேதிப்பொருளைத் தேடினார். 1910இல் சிபிலிஸ் நோய்க்குப் பயன்பாட்டுக்கு வந்த சால்வர்சான் அந்தத் தேடலின் பயன். அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1928இல் கண்டறிந்த பெனிசிலின் இந்தக் கொள்கைக்கு இன்னும் தெளிவான சான்றாகும்: அது பாக்டீரியாவின் செல் சுவர் கட்டப்படுவதைத் தடுக்கிறது, மனித செல்லுக்கோ அத்தகைய சுவரே கிடையாது. புற்றுநோயில் இந்த வசதி இல்லை. புற்றுசெல் வெளியிலிருந்து வந்ததன்று, உடலின் சொந்த செல்லே கட்டுப்பாடிழந்து பெருகுவது. ஆகவே பழைய கீமோதெரபி (சுருக்கமாகக் கீமோ) மருந்துகளில் பெரும்பாலானவை வேகமாகப் பிரியும் செல்களையெல்லாம் தாக்குகின்றன. புற்றுசெல்லோடு சேர்ந்து முடியின் வேரும், வாய் மற்றும் குடலின் உட்பூச்சும், ரத்த அணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜையும் அடிவாங்குவது இதனால்தான்.

இவ்விரு வகை மருந்துகளின் வரலாறுகளும் சென்னையில் மருத்துவம் பயின்ற ஒருவரின் வாழ்க்கையில் சந்திக்கின்றன. பீமவரத்தில் 1895இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், லெடர்லே ஆய்வகத்தில் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கும் பணிக்குத் தலைமை வகித்தார். அந்த அமிலத்தைப் போலத் தோற்றமளித்து, செல் பிரிவதற்குத் தேவையான வேலையைத் தடுத்துவிடும் அமினோப்டெரினும் மெத்தோட்ரெக்சேட்டும் அங்கிருந்தே வந்தன. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் அமினோப்டெரினை ரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்குக் கொடுத்து, தற்காலிகமாகவேனும் நோய் தணிவதை 1948இல் வெளியிட்டார். சுப்பாராவின் லெடர்லே ஆய்வகக் குழுவிலிருந்துதான் யானைக்கால் நோய்க்கான டைஎத்தில்கார்பமசினும், டெட்ராசைக்ளின் வகையின் முதல் மருந்தான ஆரியோமைசினும் கிடைத்தன.

காய்ச்சல் என்னும் ஒரே அறிகுறி

கீமோ கொடுத்த ஏழாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையில், பெரும்பாலான மருந்துகளில், ரத்த வெள்ளணுக்கள் மிகக் கீழான அளவுக்கு இறங்குகின்றன. அவற்றுள் கிருமிகளை முதலில் எதிர்கொள்ளும் நியூட்ரோஃபில் அணுக்கள் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500க்கும் கீழே போகும்போது, நோயாளியின் குடலிலும் தோலிலும் அதுவரை அமைதியாக வாழ்ந்த கிருமிகளே ரத்தத்தில் நுழைந்து உயிருக்கு ஆபத்தாகலாம். சீழ் என்பது பெரும்பகுதி வெள்ளணுக்களால் ஆனது. அவை இல்லாதபோது புண்ணில் சீழ் பிடிக்காது, வீக்கமும் சிவப்பும் அதிகம் தெரியாது, நுரையீரலில் தொற்று இருந்தும் தொடக்கத்தில் எக்ஸ்ரே தெளிவாக இருக்கக்கூடும். பல நேரங்களில் காய்ச்சல் ஒன்றே அறிகுறி. ஒருமுறை 101 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலும், 100.4 டிகிரியாக ஒரு மணி நேரம் நீடித்தாலும் அதை அவசரநிலையாகக் கொண்டு, முதல் ஆண்டிபயாடிக்கை ஒரு மணி நேரத்துக்குள் ஏற்றிவிட வேண்டும் என்பது இன்று உலகெங்கும் ஏற்கப்பட்ட நெறி.

அந்த ஒரு மணி நேரத்துக்குள் செவிலியர் செய்ய வேண்டியவை பல. மருந்து உள்ளே சென்றபின், கல்ச்சர் எனப்படும் ஆய்வக வளர்ப்புச் சோதனையில் கிருமி வளராமல் போகலாம் என்பதால், கல்ச்சருக்கான ரத்தத்தை முதல் டோசுக்கு முன்பே எடுக்க வேண்டும். அதே சமயம் ரத்தம் எடுப்பதற்காக மருந்து தாமதப்படவும் கூடாது. பெனிசிலின் ஒவ்வாமை உண்டா என்று கேட்க வேண்டும். ரத்த அழுத்தம், மூச்சு, சிறுநீரின் அளவு ஆகியவற்றைக் குறித்துவைக்க வேண்டும். ஆசனவாய் வழியாக வெப்பமானி வைப்பதும் தசையில் ஊசி போடுவதும் கிருமிக்கும் ரத்தக் கசிவுக்கும் வழிதிறக்கும் என்பதால் தவிர்க்கப்பட வேண்டும். வீட்டில் இருக்கும் நோயாளிக்கு, வெப்பமானி வைத்துப் பார்ப்பதற்கு முன் பாராசிட்டமால் விழுங்கக் கூடாது என்பதை முன்கூட்டியே சொல்லி அனுப்புவதும் இதே கடமையில் அடங்கும். அந்த மாத்திரை காய்ச்சலைத் தணிக்கும், தொற்றைத் தணிக்காது, ஆகவே எச்சரிக்கை மணியை மட்டும் நிறுத்திவிடும்.

நேரமும் வேகமும்

ஆண்டிபயாடிக்குகள் எல்லாம் ஒரே விதமாகச் செயல்படுவதில்லை. பைப்பராசிலின், மெரோப்பெனம் போன்றவை ரத்தத்தில் தேவையான அளவுக்கு மேல் எவ்வளவு நேரம் நீடிக்கின்றன என்பதைப் பொறுத்தே கிருமியைக் கொல்கின்றன. எட்டு மணி நேரத்துக்கொருமுறை தர வேண்டிய டோஸுக்குப் பதினொரு மணி நேரம் ஆகிவிட்டால், இடையிலுள்ள நேரத்தில் கிருமி மீண்டும் பெருகத் தொடங்கும். அமிக்காசின் போன்றவற்றுக்கோ ரத்தத்தில் எட்டும் உச்ச அளவு முக்கியம். ஆனால் அது சிறுநீரகத்தையும் காதையும் பாதிக்கக்கூடியது. வான்கோமைசினை ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் மெதுவாக ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் முகமும் கழுத்தும் சிவந்து அரிப்பெடுக்கும், ரத்த அழுத்தமும் இறங்கலாம். பூஞ்சைத் தொற்றுக்கான ஆம்ஃபோடெரிசின் பி மருந்தைச் சலைனில் கலந்தால் படிந்துவிடும் என்பதால் குளுக்கோஸ் திரவத்தில்தான் கலக்க வேண்டும்.

கீமோ மருந்துகளின் அளவு பெரும்பாலும் உடலின் மேற்பரப்பைக் கொண்டு கணக்கிடப்படுவதால், செவிலியர் குறிக்கும் உயரமும் எடையும் தவறினால் டோஸும் தவறும். சிவப்பு நிறமுள்ள டாக்சோரூபிசின் சிரையைவிட்டுக் கசிந்தால் சதையையே அரித்துவிடும். எரிச்சலோ வீக்கமோ தெரிந்தவுடன் டிரிப்பை நிறுத்தி, ஊசியை உடனே பிடுங்கிவிடாமல் அதன் வழியாகவே மருந்தை இயன்றவரை உறிஞ்சி எடுத்து, அந்த இடத்தில் குளிர் ஒத்தடம் தர வேண்டும். நித்தியகல்யாணிச் செடியிலிருந்து கிடைக்கும் வின்கிறிஸ்டின் கசிந்தாலோ வெதுவெதுப்பான ஒத்தடம்தான் தரப்பட வேண்டும். அதே வின்கிறிஸ்டினை முதுகுத்தண்டுத் திரவத்தில் தவறிச் செலுத்தினால் நோயாளி பெரும்பாலும் உயிர் பிழைப்பதில்லை. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2007இல் அதைச் சிரிஞ்சில் எடுத்து வைக்காமல், முதுகில் செலுத்த இயலாத சிறு டிரிப் பையில் கலந்து வைக்கும்படி அறிவுறுத்தியது.

இரு மருந்துகள் சந்திக்கும்போது

இரண்டு வகை மருந்துகளும் ஒரே உடலில் சேரும் இடம்தான் செவிலியரின் கவனத்தை மிகுதியாகக் கோருகிறது. சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தையும் செவியையும் பாதிக்கக்கூடியது. அதே உறுப்புகளைத் தாக்கும் அமிக்காசின் அதனுடன் சேரும்போது, சிறுநீரின் அளவும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் மதிப்பும் அன்றாடம் பார்க்கப்பட வேண்டியவை ஆகின்றன. மெத்தோட்ரெக்சேட் எடுப்பவருக்குச் சாதாரணச் சிறுநீர்த் தொற்றுக்கென்று கோட்ரைமாக்சசோல் கொடுத்தால், இரண்டும் ஃபோலிக் அமிலத்தின் வேலையையே தடுப்பதால் எலும்பு மஜ்ஜை கடுமையாக ஒடுங்கக்கூடும். பூஞ்சைக்கான இட்ராகோனசோல், வின்கிறிஸ்டினை உடல் சிதைக்கும் வேகத்தைக் குறைப்பதால், கைகால் மரத்துப்போவதும் குடல் இயக்கம் நின்றுபோவதும் நேரலாம். மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை மட்டும் விழுங்க வேண்டிய மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை நாள்தோறும் விழுங்கி உயிரிழந்தவர்கள் பல நாடுகளில் உண்டு. எந்தக் கிழமை என்பதைச் சீட்டில் எழுதி, நோயாளியின் வாயாலேயே அதைத் திரும்பச் சொல்லவைப்பது அந்த இழப்பைத் தடுக்கும் எளிய வழி.

கீமோ மருந்துகள் கையாளுபவருக்கும் தீங்கானவை. கையுறை, மேலங்கி, காற்றை வடிகட்டும் தயாரிப்புப் பெட்டி ஆகியவை ஆடம்பரங்கள் அல்ல. நோயாளியின் சிறுநீரிலும் வாந்தியிலும் ஏறத்தாழ இரண்டு நாட்கள்வரை மருந்தின் எச்சம் இருக்கும் என்பதால், வீட்டில் துணி துவைப்பவருக்கும் கையுறை தேவை.

இத்தனை சரிபார்ப்புகளுக்கும் நேரம் வேண்டும். ஒரே செவிலியர் பல படுக்கைகளுக்கு ஓடும் வார்டில் அந்த நேரம் கிடைப்பதில்லை. போதிய செவிலியர்களை நியமிப்பதும், தொடர்ந்து பயிற்சி அளிப்பதும், சந்தேகம் எழும்போது மருந்தை நிறுத்திவைத்து மருத்துவரிடம் விளக்கம் கேட்கும் உரிமையை அவர்களுக்கு ஐயமின்றி வழங்குவதும் நல்ல மருந்தை வாங்குவதற்கு இணையான செலவுகளாகவே கருதப்பட வேண்டும். நோயாளியின் குடும்பமும் அவர் விழுங்கும் எல்லா மாத்திரைகளையும், நாட்டு மருந்து உட்பட, செவிலியரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்; கீமோவுக்குப் பின் இரவில் காய்ச்சல் கண்டால் விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும்.