பென்சில் காட்டும் குறிப்பு



சொல்வதெழுதுதலில் ஓயாது பிழை செய்த சிறுவன் ஒருவனைச் சோம்பேறி என்று நான் பன்முறை கடிந்ததுண்டு. அவனுக்குச் செவிப்புலன் குறைவு என்பது ஆண்டிறுதியில்தான் தெரிந்தது. இத்தகைய குறைகளைத் தொட்டிற் பருவத்திலேயே ஐயுறுவதற்குக் கருவி உண்டு.

திருவனந்தபுரத்து மருத்துவர் எம்.கே.சி. நாயர் குழுவினர் 1991-இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணை அத்தகையது. இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு உரியது. ஓசை வந்த பக்கம் தலை திருப்புதல், தனியே நடத்தல், இரு சொற்கள் பேசுதல் முதலிய 17 செயல்களும் அவை கைகூடும் மாதங்களும் அதில் கோடுகளாக வரையப்பட்டுள்ளன. குழந்தையின் வயதுக்கு நேரே பென்சிலைச் செங்குத்தாக வைத்தல் வேண்டும். பென்சிலுக்கு இடப்புறத்திலேயே முடிந்துவிட்ட கோட்டிற்குரிய செயலைக் குழந்தை இன்னும் செய்யவில்லையெனில், வளர்ச்சி தாமதமோ என ஐயுறலாம். அஃது ஐயமே, தீர்ப்பன்று. தீர ஆராய்ந்து முடிவு கூறுதல் மருத்துவர் கடமை.

2013-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் சென்று குழந்தைகளைச் சோதிக்கின்றனர்.

எங்கள் ஐயம்பேட்டை நெசவாளர், பாவில் இழை அறுந்தால் அப்பொழுதே பிணைத்துவிடுவர். உங்கள் வீட்டுத் தம்பி தங்கையர் பேசவோ நடக்கவோ பிந்தினால், ‘தானே சரியாகும்’ என்று வாளாவிராதீர்கள். மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.