ஐந்தாம் தேதி வாடகை, பத்தாம் தேதி சம்பளம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றி எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஒரு லைன் வீடு கண்ணில் படும். வரிசையாக எட்டோ பத்தோ அறைகள். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. கோடியில் பொதுக் குழாய், பக்கத்தில் இரண்டு கழிவறை. முன்சுவரில் சப்-மீட்டர்கள் வரிசையாகத் தொங்கும்; ஒவ்வொன்றுக்கும் மேலே சாக்பீஸில் அறை எண். மாதம் பிறந்து நாலைந்து நாளானதும் வீட்டுக்காரம்மா நோட்டோடு வந்து அந்த மீட்டர்களைக் குறித்துக்கொண்டு போவார். அன்று சாயங்காலம் சில அறைகளில் விளக்கு எரியாது. உள்ளே ஆள் இருப்பார்.

வாடகை ஐந்தாம் தேதிக்குள் என்பது இங்கே எழுதாத சட்டம். சம்பளத்துக்கோ எழுதிய சட்டமே வேறு தேதி வைத்திருந்தது. 1936ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டப்படி, ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் ஆலை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் சம்பளம் கொடுத்தால் போதும் என்றிருந்தது. அதைவிடப் பெரிய ஆலைக்கு 10ஆம் தேதி வரை அவகாசம் இருந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு மாதச் சம்பளத்துக்கு 7ஆம் தேதி என்கிறது. ஆக, முதலாளி ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் சட்டப்படி நடந்தாலும், தொழிலாளி ஐந்தாம் தேதி வாடகை பாக்கிக்காரர்தான்.

இந்த வட்டாரத்தின் வாடகைத் தகராறுகளில் நிறைய இங்கேதான் முளைக்கின்றன. பணமே இல்லை என்பது ஒரு சங்கதி. பணம் வருகிற நாளும் போகிற நாளும் ஒத்துவரவில்லை என்பது வேறு. ஆனால் இரண்டையும் ஒரே வார்த்தையில் சொல்லித்தான் கேட்கிறோம்: “கொஞ்சம் டைம் குடுங்க.” ஒவ்வொரு மாதமும் டைம் கேட்பதைவிட, ஒரே ஒரு முறை தேதியை மாற்றச் சொல்லிக் கேட்பது நல்லது. “அம்மா, எங்க கம்பெனியில பத்தாம் தேதிதான் சம்பளம் ஏறுது. வாடகைத் தேதிய பன்னெண்டுன்னு வச்சுக்கலாமா? ஒரு நாள் தவறாது.” வீடு பார்க்கும்போதே, அட்வான்ஸ் கொடுக்கும்போதே கேட்கவேண்டிய கேள்வி இது. அப்போது கேட்டால் விசாரித்து வீடு பிடிக்கிற பொறுப்பான ஆள் என்று பெயர்; ஆறு மாதம் கழித்துக் கேட்டால் சாக்குப் போக்கு.

அந்தப் பக்கமும் ஒரு தேதி இருக்கிறது. லைன் வீடு கட்டியவர்கள் எல்லோரும் பணக்காரர்கள் அல்ல. வங்கியிலோ கூட்டுறவிலோ கடன் வாங்கி நாலு அறை எழுப்பியவர்கள், வாடகையே முழு வருமானமாக இருக்கும் வயதானவர்கள் பலர். அவர்களுடைய தவணை ஐந்தாம் தேதி கணக்கிலிருந்து தானாக எடுக்கப்படுகிறது என்றால், இருப்பு இல்லாமல் திரும்பும் ஒவ்வொரு தடவைக்கும் வங்கி அபராதம் பிடிக்கும். “உங்க டியூ எந்தத் தேதிங்க?” என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். தவணைக்கு வேண்டிய அளவை மட்டும் முன்னால் வாங்கிக்கொண்டு, மீதிக்குப் பத்து நாள் பொறுப்பவர்கள் உண்டு.

இனி, உண்மையாகவே சம்பளம் தள்ளிப்போன மாதம். உருக்காலையிலும் ரோலிங் மில்லிலும் ஒப்பந்தக்காரரின் கீழ் வேலை செய்பவருக்கு இது அபூர்வம் இல்லை. காண்ட்ராக்டருக்கு பில் பாஸ் ஆகவில்லை என்பார் மேஸ்திரி. இதில் பலருக்குத் தெரியாத ஒன்று: ஒப்பந்தக்காரர் சம்பளம் தராவிட்டால் அதைத் தரும் பொறுப்பு வேலை வாங்கும் ஆலையினுடையது. 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்த விதி. புதிய தொகுப்பிலும் தொடர்கிறது. பில் பாஸ் ஆகாதது காண்ட்ராக்டரின் கவலை. சட்டம் அதைத் தொழிலாளியின் தலையில் கட்டவில்லை.

அது நடக்கிறபோது நடக்கட்டும். வீட்டுக்காரரிடம் இன்று என்ன சொல்வது?

வழக்கமாக நடப்பது இதுதான். ஐந்தாம் தேதி போன் அடிக்கிறது, எடுப்பதில்லை. ஆறாம் தேதி ஷிப்ட் முடிந்து கொல்லைப்பக்கமாக வீட்டுக்குள் போகிறார். ஒன்பதாம் தேதி வாசலிலேயே பிடித்துக்கொள்கிறார்கள். “அடுத்த வாரம் குடுத்துடறேம்மா.” “எந்த அடுத்த வாரம்ப்பா?” பக்கத்து அறைகள் கேட்டுக்கொண்டிருக்கின்றன. இதற்குமேல் பேச்சு வாடகையைப் பற்றி இல்லை, மரியாதையைப் பற்றி. நாலு பேர் முன்னால் ஏமாளி ஆகக்கூடாது என்று அவரும், நாலு பேர் முன்னால் குனியக்கூடாது என்று இவரும் நிற்பார்கள்.

வாடகை 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதே ஆள் இரண்டாம் தேதியே, காலையில், வீட்டுக்காரம்மாவின் வாசலுக்குப் போய்ப் பேசுகிறார்:

“அம்மா, இந்த மாசம் சம்பளம் பதினொன்னாம் தேதிதான்னு மேஸ்திரி சொல்லிட்டாரு. இப்ப ரெண்டாயிரம் இருக்கு, வாங்கிக்கங்க. மீதி ரெண்டாயிரத்த பன்னெண்டாம் தேதி நைட் ஷிப்டுக்குப் போறதுக்கு முன்னாடி கொண்டாந்து தர்றேன். கரண்ட் காசும் அன்னைக்கே.”

“பன்னெண்டுன்னா பன்னெண்டா தம்பி?”

“பன்னெண்டுதாம்மா. நோட்டுல எழுதிக்கங்க.”

பேச்சின் எடை கையில் இருக்கும் அந்த இரண்டாயிரத்தில் இருக்கிறது. வெறுங்கையோடு வந்து சொல்லும் காரணம் எவ்வளவு நிஜமானாலும் கதை போலத்தான் கேட்கும். பாதிப் பணத்தோடு வந்தால் காரணத்தை யாரும் கிளறுவதில்லை. அடுத்தது அந்தத் தேதி. பத்தாம் தேதி என்று சொல்லிப் பன்னிரண்டில் கொடுப்பதைவிட, பதினைந்து என்று சொல்லிப் பதினான்கில் கொடுப்பவருக்கு மறுமுறையும் வாசல் திறக்கும். சொன்ன தேதியும் தவறும்போலத் தெரிந்தால் அதற்கு முதல் நாளே போய்ச் சொல்லிவிடவேண்டும். மறுநாள் சொல்வது விளக்கம் கொடுப்பதாகிவிடும்.

சின்ன விஷயம் ஒன்று. வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த நேரத்தில் ‘பணம் இல்லை’ என்று போய் நிற்காதீர்கள். பகுத்தறிவுக்கு ஒத்துவருமா என்பது இருக்கட்டும்; அந்த நேரத்தில் அந்த வார்த்தை காதில் விழுந்தால் முகம் சுருங்கும் வீடுகள் இங்கே இன்னும் ஏராளம். மொழியையும் பார்க்கவேண்டும். ஆந்திர எல்லை பக்கத்திலேயே இருப்பதால் பல வீடுகளில் தமிழோடு தெலுங்கும் புழங்கும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளிக்கு இரண்டுமே தெரியாது. அங்கே பேச்சு மேஸ்திரி வழியாகப் போகிறது. இடையில் நிற்பவருக்கும் காண்ட்ராக்டருக்கும் கணக்கு இருக்கும் என்பதால், தொகையையும் தேதியையும் போனில் எழுதி வீட்டுக்காரரிடம் நேராகக் காட்டிவிடுவது உத்தமம். எண்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம்.

வீட்டுக்காரரும் ஒரு கணக்குப் போடவேண்டும். பாக்கி வைத்தவரை ஆனி கடைசியில் துரத்தினால், ஆடியில் குடிபுக உள்ளூர்க் குடும்பம் எதுவும் வராது. மார்கழியிலும் அப்படியே. ஒரு மாதம் பூட்டிக் கிடக்கும் அறையின் நஷ்டம் முழு மாத வாடகை. பத்து நாள் தாமதத்தின் நஷ்டம் அவ்வளவு இல்லை.

“அட்வான்ஸ்ல கழிச்சுக்கங்க” என்ற வாக்கியத்துக்கு வருவோம். சொல்பவருக்கு அது நியாயமாகத் தோன்றுகிறது, என் பணம்தானே என்று. கேட்பவருக்கோ இவன் காலி செய்யப் போகிறான் என்று காதில் விழுகிறது. ஊரில் அட்வான்ஸில் கழிப்பது என்பது கடைசி மாதத்துச் சடங்கு. நடுவில் கழித்தால், போகும்போது உடைந்த கதவுக்கும் கரண்ட் பாக்கிக்கும் பிடிக்க ஒன்றும் மிஞ்சாது என்ற பயம் அவருக்கு. வேறு வழியே இல்லாமல் கேட்டாகவேண்டுமானால் திரும்ப நிரப்பும் கணக்கோடு கேளுங்கள்: இந்த மாதம் கழியுங்கள், அடுத்த நாலு மாதம் வாடகையோடு ஆயிரம் ஆயிரமாகச் சேர்த்துத் தந்துவிடுகிறேன் என்று. அதையும் எழுதிவைக்கவேண்டும்.

காயம்பட்டுப் படுத்தவர் விஷயம் இன்னும் கடினம். இரும்பு ஆலைகள் நிறைந்த ஊரில் கை, கால் காயம் சாதாரணம். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால், வேலையில் ஏற்பட்ட காயத்துக்குத் தினக்கூலியில் 90 சதவீதமும், சாதாரண நோய்க்கு 70 சதவீதமும் விடுப்புக் காலத்தில் கிடைக்கும். நோய்க்கான உதவிக்கு ஆண்டுக்கு 91 நாள் வரம்பு. பணம் உடனே கைக்கு வராது, சான்றிதழ்கள் நகரவேண்டும். ஆனால் அந்தச் சான்றிதழின் நகலை வீட்டுக்காரரிடம் காட்டலாம். ‘உடம்பு சரியில்லை’ என்பதற்கும் ‘இந்தப் பணம் வரவேண்டியிருக்கிறது, இதோ பேப்பர்’ என்பதற்கும் நிறைய தூரம்.

எதைச் செய்தாலும் வாடகையைக் கட்ட மீட்டர் வட்டிக்குப் போகாதீர்கள். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003லேயே சட்டம் வந்துவிட்டது. வட்டிக்காரர் வாசலுக்கு வருவது நிற்கவில்லை. வீட்டுக்காரர் பத்து நாள் திட்டுவார். அவ்வளவுதான். மூக்குத்தி இருந்தால் அடகுக் கடை மேல்.

சரி, பேச்சு முறிந்துவிட்டது என்றால்? தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி ஒரு மாதம் தவறியதற்காக வெளியேற்றக் கேட்க முடியாது. இரண்டு மாத பாக்கி சேரவேண்டும். அதைக் கேட்டு நோட்டீஸ் வரவேண்டும். நோட்டீஸ் கிடைத்து ஒரு மாதத்துக்குள் முழு பாக்கியையும் கட்டாமல் இருக்கவேண்டும். பிறகே வாடகை நீதிமன்றம். அந்த ஒரு மாதத்துக்குள் கட்டிவிட்டால் பாக்கியைக் காரணம் காட்டி வெளியேற்ற உத்தரவு போட முடியாது. ஒருமுறை இப்படித் தப்பியவர் மறுபடி தொடர்ந்து இரண்டு மாதம் தவறினால் அதே சலுகையை எதிர்பார்க்கக்கூடாது. தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தி ஆளைக் கிளப்புவதை இந்தச் சட்டம் தடை செய்கிறது. பூட்டின் மேல் பூட்டுப் போடுவதற்கும், சாமானைத் தூக்கித் தெருவில் வைப்பதற்கும் எந்தச் சட்டத்திலும் இடம் இல்லை. வாடகை பாக்கி உரிமையியல் விவகாரம். காலி செய் என்று உத்தரவு போடும் அதிகாரம் காவல் நிலையத்துக்குக் கிடையாது.

இதே சட்டத்தில் ஒரு முள்ளும் இருக்கிறது. எழுத்துபூர்வ ஒப்பந்தம் கட்டாயம். ஒப்பந்தம் செய்துகொள்ளாததே காலி செய்யக் கேட்க ஒரு காரணம். வாய்ப்பேச்சிலேயே ஓடும் லைன் வீட்டில் இது யார் பக்கம் சாயும் என்று சொல்லவேண்டியதில்லை. கம்பெனியே தன் கட்டடத்தில் ஊழியருக்குக் கொடுத்த அறைக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. சிப்காட்டைச் சுற்றிய குடியிருப்புகளில் பல கிராம ஊராட்சிக்குள் இருப்பதால், உங்கள் வீடு இதன் எல்லைக்குள் வருகிறதா என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். வராத இடத்தில் 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம்தான்: வேறு ஒப்பந்தம் இல்லாத மாத வாடகைக்கு 15 நாள் நோட்டீஸ் போதும். இதையெல்லாம் வக்கீலிடம் கேட்கக் காசு வேண்டுமே என்று தயங்கவேண்டாம். இலவசச் சட்ட உதவிக்கான 1987ஆம் ஆண்டுச் சட்டம் ஆலைத் தொழிலாளியைத் தகுதி உள்ளவராகத் தனியே குறிப்பிடுகிறது. தொலைபேசி எண் 15100.

அரசே நடுவில் புகுந்து வாடகையை நிறுத்திய காலமும் உண்டு. 2020 மார்ச் 29 அன்று, ஊரடங்கில், மத்திய உள்துறை அமைச்சகம் ஓர் உத்தரவு போட்டது: வாடகைக்கு இருக்கும் தொழிலாளர்களிடம், வெளிமாநிலத்தவர் உட்பட, ஒரு மாதத்துக்கு வாடகை கேட்கக்கூடாது, காலி செய்யச் சொல்லும் வீட்டுக்காரர் மீது நடவடிக்கை. அந்த மாத வாடகை தள்ளுபடியா, தள்ளிவைப்பா என்று உத்தரவு சொல்லவில்லை. வீட்டுக்காரர்கள் ஒரு விதமாகப் படித்தார்கள், குடியிருந்தவர்கள் வேறு விதமாக. மாதம் முடிந்தது, ஆலைக் கதவு முழுதாகத் திறக்கவில்லை. கொல்கத்தா நெடுஞ்சாலையில் மூட்டையோடு வடக்கே நடந்தவர்களில் வாடகைக் கணக்கை முடிக்காமல் கிளம்பியவர்களும் இருந்தார்கள்.

அந்த நோட்டுக்குத் திரும்புவோம். பெரும்பாலும் அது நாற்பது பக்க நோட்டு. முதல் பக்கத்தில் மஞ்சள் வைத்த பிள்ளையார் சுழி, ஒவ்வொரு அறைக்கும் இரண்டு பக்கம். பணம் கொடுத்ததும் உங்கள் எதிரிலேயே எழுதச் சொல்லுங்கள்: தேதி, கொடுத்தது, மீதி, கையெழுத்து. பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஜிபேயில் போட்டால் குறிப்புக் கட்டத்தில் ‘மார்ச் வாடகை, பாதி’ என்று எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் மே மாதம் அது கரண்ட் காசாக மாறிவிடும். ரசீது தருவது வீட்டுக்காரரின் கடமை என்று சட்டமும் சொல்கிறது. பன்னிரண்டாம் தேதி மீதியைக் கொடுத்தபின், ‘மீதி 2,000’ என்ற வரியின் மேல் அவர் பேனாவால் கோடு கிழித்த பிறகு ஷிப்டுக்குக் கிளம்புங்கள்.