மண்வாரி இயந்திர மெக்கானிக்கின் மாதச் சம்பளம்

ஒருவரைப் பார்த்து "சம்பளம் எவ்வளவு?" என்று கேட்பது மரியாதையல்ல என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. ஆனால் பிழைப்பைத் தேடி மாநிலம் விட்டு மாநிலம் வந்த நம் குடும்பங்களில் அந்தக் கேள்வி இல்லாமல் ஒரு காரியமும் நகர்வதில்லை. பெண் கொடுக்கவும் அதுதான், வாடகைக்கு வீடு பிடிக்கவும் அதுதான், பையனை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று முடிவு செய்யவும் அதுதான். மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டு வந்தபோது, சங்க இலக்கியம் பற்றி எழுத என்னிலும் தகுதியுடையோர் பலர் உளர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஹைட்ராலிக் ஆயிலில் கை நனைத்தவன் நான், எனக்குத் தெரிந்த ஒன்றை எழுதுகிறேன் என்றேன். அவர்களும் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார்கள்.

எங்கள் ஜோகுபாளையத்தில், நான் குடியிருக்கும் சந்துக்கு இரண்டு சந்து தள்ளி ஓர் அம்மா இருக்கிறார். இந்திராநகர்ப் பக்கம் வீட்டு வேலை செய்து, மகனை ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படிக்க வைத்தவர். பையன் ஓராண்டு அப்ரண்டிஸ் பயிற்சியையும் முடித்துவிட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனை அழைத்துக்கொண்டு வந்தார். கையில் இரண்டு கடிதங்கள்.

"ணா, ஒண்ணு இங்கியே, மிஷின் டீலர்கிட்ட. மாசம் இருபத்திரண்டாயிரமாம். இன்னொண்ணு சவுதி, ரெண்டாயிரம் ரியால். ஏஜெண்டு ஒண்ணு இருபது கேக்கறாரு. நகைய வெச்சுக் குடுத்துடலாம்னு இருக்கேன். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

நான் உடனே வார்த்தை சொல்லவில்லை. பையனைக் காகிதமும் பேனாவும் எடுத்துவரச் சொன்னேன். அன்று அவர்களுக்குப் போட்டுக் காட்டிய கணக்குதான் இந்தக் கட்டுரை.

முதலில் தொழிலைப் பற்றிச் சில சொற்கள். இது நம்மவர்களுக்குப் புதிய தொழில் அல்ல. அல்சூர் ஏரியை ஒட்டியே மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் தலைமையிடம் இருக்கிறது. 1780-ல் தொடங்கிய அந்தப் படையின் வீரர்களுக்குத் 'தம்பி' என்றே பட்டப்பெயர். பாலம் கட்டுவதும் பாதை போடுவதும் அவர்கள் வேலை என்பதால், ஓய்வு பெற்று வந்தவர்களில் புல்டோசர் ஓட்டத் தெரிந்தவர்களும் பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் உண்டு. 1964-ல் பி.இ.எம்.எல். நிறுவனம் உருவானது. அது கோலார் தங்கவயலில் ஜப்பானின் கோமாட்சு தொழில்நுட்பத்தோடு புல்டோசர் செய்தபோது, சுரங்கத் தமிழர்களின் பிள்ளைகள் பலர் அங்கே வேலை கற்றார்கள். 2001-ல் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. வேலை தேடி மாரிகுப்பம் ரயிலில் தினமும் பெங்களூருக்கு வந்து போகிறவர்களை இன்றும் காணலாம்.

ஒரு சிறு இடைச்செருகல். தமிழ்ப் பத்திரிகைகள் 'பொக்லைன் இயந்திரம்' என்று எழுதுகின்றனவே, அது இயந்திரத்தின் பெயரல்ல, ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் பெயர். அதன் தொழில்நுட்பத்தில் எல் அண்டு டி நிறுவனம் 1970-களில் இங்கே எக்ஸ்கவேட்டர் செய்யத் தொடங்கியது. கம்பெனியின் பெயர் இயந்திரத்துக்கே ஒட்டிக்கொண்டது. 'ஜேசிபி' என்பதும் அப்படித்தான்: ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்ற ஆங்கிலேயரின் முதலெழுத்துகள். மஞ்சள் பெயின்ட் அடித்த எதையும் நம் ஊரில் ஜேசிபி என்றுதான் சொல்வோம். மெக்கானிக்குக் கோபம் வரும், ஆனால் அவனும் வீட்டில் அப்படித்தான் சொல்வான்!

கார் மெக்கானிக்கைவிட இவனுக்குக் கூடுதல் சம்பளம் கிடைப்பது ஏன்? கார் நின்றால் முதலாளி ஆட்டோவில் போவார். எக்ஸ்கவேட்டர் நின்றால் அதன் பின்னால் வரிசையில் நிற்கும் டிப்பர்களும் நிற்கும், ஆட்களும் சும்மா உட்காருவார்கள், வங்கித் தவணை மட்டும் ஓடும். ஒரு சாதாரண பேக்ஹோ லோடருக்கே மணிக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் வாடகை. பத்து மணி நேரம் நின்றால் பத்தாயிரம் போச்சு. ஆகவே முதலாளி கொடுப்பது ஸ்பேனர் பிடிக்கிற கைக்கு மட்டுமல்ல. எத்தனை மணி நேரத்தில் இயந்திரத்தை மறுபடி ஓடவிடுகிறான் என்பதற்கும் சேர்த்துத்தான். பம்ப் போய்விட்டதா, கன்ட்ரோல் வால்வில் தூசி அடைத்திருக்கிறதா, வெறும் ரிலீஃப் வால்வு தளர்ந்திருக்கிறதா என்று பிரஷர் கேஜை மாட்டி அரை மணியில் சொல்லத் தெரிந்தவனுக்கு ஒரு விலை. மூன்றையும் கழற்றிப் பார்க்கிறேன் என்பவனுக்கு வேறு விலை. 2021 ஏப்ரலில் பி.எஸ்.4 புகைக் கட்டுப்பாடு இவ்வகை வண்டிகளுக்கும் வந்தது. அதன் பிறகு இன்ஜினில் மின்னணுக் கட்டுப்பாடு மிகுந்துவிட்டது. லேப்டாப்பைச் சொருகிக் கோளாறு எண்ணைப் படிக்கத் தெரியாத பழைய கைகள், என் கை உட்பட, பின்தங்கிவிட்டன என்பதை மறுப்பதற்கில்லை.

சரி, எவ்வளவு? பெங்களூர்ப் பக்கம் நான் விசாரித்து அறிந்த அளவில் சொல்கிறேன். ஐ.டி.ஐ. முடித்துப் பயிற்சிக்குப் போகும் பையனுக்கு, 2019-ல் திருத்திய விதிப்படி குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 7,000 என்று இருந்தது. பயிற்சி முடித்து டீலரிடம் சேர்ந்தால் 15,000 முதல் 20,000. ஐந்தாறு வருடம் போனால் 25,000 முதல் 35,000. சுரங்கத்தில் ஓடும் பெரிய இயந்திரம் தெரிந்தவனுக்கு அதற்கும் மேல். பொதுத்துறையில் நிரந்தர ஆளாகிவிட்டால் ஒப்பந்தப்படி படிகளும் மருத்துவமும் சேர்ந்து நல்ல நிலை. ஆனால் அதே இடத்தில் அதே இயந்திரத்தின் அடியில் காண்டிராக்ட் தொழிலாளியாகப் படுத்திருப்பவனின் கதை வேறு. நெய்வேலியில் சொந்தக்காரர்கள் உள்ள வாசகர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் இதே வேலைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 டாலர் என்று அந்நாட்டு அரசுக் கணக்கு சொல்கிறது. கேட்கப் பெருமூச்சு வரும். அங்கே ரொட்டி விலையும் டாலரில்தான்.

இந்தச் சம்பளம் ஏறி இறங்குவதை நானே அனுபவித்திருக்கிறேன். 2009-ல் ஒரு டீலரிடம் மாதம் 16,000 கைக்கு வந்துகொண்டிருந்தது. பல்லாரி, ஹொசப்பேட்டை, சண்டூர் பக்கம் இரும்புத் தாது வெட்டு உச்சத்தில் இருந்த காலம். ஒரே போன் கால். 28,000 தருகிறோம், வா என்றார்கள். போனேன். செம்மண் தூசியில் இரவும் பகலும் இயந்திரங்கள் ஓடின. 2011 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பல்லாரியில் சுரங்கத்தை நிறுத்தச் சொன்னது. இரண்டு வாரத்தில் எக்ஸ்கவேட்டர்கள் வரிசையாகக் கையைத் தரையில் ஊன்றி நின்றுவிட்டன. ஊருக்குத் திரும்பி ஒரு கட்டட காண்டிராக்டரிடம் 18,000-க்குச் சேர்ந்தேன். என் கைத்திறன் அந்த இரண்டு வாரத்தில் பத்தாயிரம் ரூபாய் அளவுக்குக் குறைந்துவிடவில்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

இனி பையனின் முதல் கடிதம். 22,000 என்று அம்மா சொன்னது கைக்கு வரும் பணம் அல்ல. அது கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு, இப்போது 'சிடிசி' என்கிறார்களே, அது. பிரித்துப் பார்த்தோம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 14,000. அதில் 12 சதவீதம், அதாவது 1,680, கம்பெனி கட்டும் பி.எஃப். கிராஜுவிட்டிக்கு 673. இ.எஸ்.ஐ.க்குக் கம்பெனி பங்கு 3.25 சதவீதம், 619. இவை போக மாதச் சம்பளம் 19,028. அதிலிருந்து பையனின் பங்காகப் பி.எஃப். 1,680-ம், இ.எஸ்.ஐ. 0.75 சதவீதமாக 143-ம் பிடித்தால், கைக்கு 17,205.

"அப்ப ஏமாத்தறாங்களாணா?" என்றார் அம்மா. இல்லை, பி.எஃப். பணம் இரண்டு பங்கும் அவன் பணம்தான். இ.எஸ்.ஐ. இருப்பதால் விரல் நசுங்கினால் ராஜாஜிநகர் ஆஸ்பத்திரிக்குப் போகலாம். ஏமாற்று எங்கே இருக்கும் என்றால், அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து 'ஸ்பெஷல் அலவன்ஸ்' என்று ஊதிக் காட்டும்போதுதான். அதற்கு நானே சாட்சி. மேலே சொன்ன 16,000 சம்பளத்தில் என் அடிப்படை வெறும் 5,200. பதினொரு வருடம் முடித்து விலகியபோது கிராஜுவிட்டி கணக்குப் போட்டார்கள்: அடிப்படையை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கினால் 3,000; பதினொரு வருடத்துக்கு 33,000. சம்பளத்தில் பாதி, 8,000, அடிப்படையாக இருந்திருந்தால் ஐம்பதாயிரத்தைத் தாண்டியிருக்கும். பி.எஃப்.பும் அதே விகிதத்தில் சுருங்கியது. பதினொரு வருடமும் சம்பளச் சீட்டை மடித்துப் பையில் போட்டவன் நான். ஒரு தடவைகூடப் பிரித்துப் படித்ததில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி படிகள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால், கூடுதலான பகுதியும் ஊதியமாகவே கணக்கிடப்படும். எனக்குப் பயன்படாது, பையனுக்குப் பயன்படும்.

அடுத்தது ஓவர்டைம். இந்தத் தொழிலில் இயந்திரம் ராத்திரி பதினொரு மணிக்குத்தான் நிற்கும். அது என்ன சாபமோ! சட்டப்படி கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம். ஆனால் பல இடங்களில் 'சைட் அலவன்ஸ்' என்று ஒரு தொகையைக் கொடுத்து நேரக் கணக்கை மூடிவிடுவார்கள். ஆகவே டீலரிடம் மூன்று கேள்விகளை எழுதிக் கேட்கச் சொன்னேன். ஓவர்டைம் நேரக் கணக்கில் வருமா, வெளியூர் சைட்டுக்குப் போகும் செலவு தனியா, கம்பெனி டிரெயினிங் சென்டருக்கு எப்போது அனுப்புவீர்கள்? மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். லேப்டாப் வேலை அங்கேதான் கற்க முடியும்.

இப்போது சவுதி. ரியாலுக்கு 23 ரூபாய் என்று வைத்தால் 2,000 ரியால் 46,000. நான் 1992 முதல் ஐந்து வருடம் அந்த நாட்டில் இருந்தவன். போகாதே என்று சொல்ல எனக்கு வாயில்லை. கடிதத்தைப் படித்தோம். அடிப்படை 1,400, சாப்பாட்டுக்கு 300, 'நிலையான ஓவர்டைம்' 300. அதாவது தினம் பத்து மணி நேர வேலை முன்பே விலை பேசப்பட்டுவிட்டது. சாப்பாட்டுக்கு எட்டாயிரம் ரூபாய் போகும். ஏஜெண்டுக்குக் கொடுக்கும் 1,20,000-ஐ இரண்டு வருட ஒப்பந்தத்தில் பிரித்தால் மாதம் 5,000. அடகு வட்டி நூற்றுக்கு ஒன்றரை என்றால் மாதம் 1,800. எல்லாம் போனாலும் 31,200 மிஞ்சுகிறது. இங்கே கிடைப்பதைவிட அதிகம்தான், பொய் சொல்லக்கூடாது.

ஆனால் இரண்டு இடத்தில் எனக்கு உறுத்தியது. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்டு வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு அரசு வைத்த வரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும். இவர் கேட்பது அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். கடிதத்தில் பதிவு எண்ணும் இல்லை. பத்தாம் வகுப்பு தேறியவர்களின் பாஸ்போர்ட்டுக்குக் குடியேற்ற அனுமதி தேவையில்லை என்பதைப் பலர் சலுகையாக நினைக்கிறார்கள். ஒப்பந்தத்தைச் சரிபார்க்கிற அதிகாரியின் மேசைக்கு அது போகாது என்பது அதன் மறுபக்கம்.

இரண்டாவது, கடிதத்தில் 'ஐந்து வருட அனுபவமுள்ள மெக்கானிக்' என்று இருந்தது.

"உனக்கு ஏதுடா அஞ்சு வருஷம்?" என்றேன்.

பையன் தலையைக் குனிந்துகொண்டு, "சர்டிபிகேட் அவரே ரெடி பண்ணித் தரேன்னாரு மாமா" என்றான்.

எங்கள் கேம்பில் இப்படி வந்த ஒரு பையனை எனக்குத் தெரியும். முதல் வாரமே ஃபைனல் டிரைவைப் பிரித்துப் போடச் சொன்னார்கள். ஷிம் எந்தப் பக்கம் வரும் என்று அவனுக்குத் தெரியவில்லை. அன்று சாயந்திரமே ஹெல்பராக இறக்கிவிட்டார்கள்; சம்பளம் பாதி, கடன் மட்டும் முழுசு. இரண்டு வருடம் அவன் ஊருக்குப் போன் பேசும்போதெல்லாம் மெக்கானிக் என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.

இதை நான் சொன்னபோது அம்மா எதுவும் பேசவில்லை. மறுநாள் மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் ஏஜெண்டின் பெயரைத் தேடினோம். பட்டியலில் இல்லை. பதிவு எண் என்ன என்று போனில் கேட்டதும் அவர், "ஒரு மணி நேரத்துல கூப்பிடறேன்" என்றார். அவர் கூப்பிடவில்லை. நகை பீரோவிலேயே இருக்கிறது.

டீலர் மூன்று கேள்விக்கும் பதில் எழுதியிருந்தார். ஓவர்டைம் உண்டு, பயணச் செலவு தனி, டிரெயினிங் ஒரு வருடம் கழித்து. பையன் சேர்ந்துவிட்டான். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்து, எந்த இயந்திரம், அவர் மீட்டரில் எத்தனை மணி, எப்போது போனான், எப்போது திரும்பினான் என்று தினமும் எழுதச் சொல்லியிருக்கிறேன். நாலு வருடம் கழித்து நிஜமான அனுபவச் சான்றிதழ் கேட்கிறவர்களிடம் காட்டவும் அது ஆகும்.

சென்ற வாரம் முதல் மாதச் சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து காட்டினான். மடிக்காமல், நோட்டுக்குள் வைத்திருந்தான். சீட்டில் ஓவர்டைம் 14 மணி நேரம். நோட்டில் கூட்டிப் பார்த்தால் 19. "திங்கக்கெழம சூப்பர்வைசர்கிட்ட நோட்ட எடுத்துட்டுப் போய்க் கேக்கறேன் மாமா" என்றான். அவன் அம்மாவுக்குத்தான் பயம், வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே கேட்கலாமா என்று.